பழைய கைக்கடிகாரத்துக்குப் புதுமுகம்: அசல் எது, சொல்லி விற்பது எப்படி?

சாவி கொடுத்து ஓடும் பழைய கைக்கடிகாரங்களுக்கு மறுபடியும் நல்ல காலம் பிறந்திருக்கிறது. எச்.எம்.டி. ஜனதா, பைலட், வெஸ்ட் எண்ட், ஃபேவர் லூபா என்று ஒரு காலத்தில் நம் தகப்பனார், தாத்தா கைகளில் இருந்த வாட்சுகளை இன்றைய இளைஞர்கள் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். செல்போனில் படம் போட்டே விலை பேசி முடிக்கிறார்கள். கல்லாப்பெட்டியின் அடியில் பல வருஷம் ஓடாமல் கிடந்த வாட்சுக்கு ஒரு நாள் திடீரென்று ஆள் வந்து நிற்கிறார்.

மளிகைக் கடைக்காரருக்கும் கடிகார டயலுக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நம்மில் பலர் வீட்டில் இப்படி ஒரு வாட்ச் இருக்கிறது. சிலர் பழைய பொருள்களை வாங்கி விற்பதைப் பக்கத் தொழிலாகவும் செய்கிறோம். இவை இரண்டும் இல்லாதவருக்கும், 'அழகாக்கிய சரக்கை எந்தப் பெயரில் விற்பது?' என்ற கேள்வி அன்றாடம் வருவதுதான். அந்தக் கேள்வியை இங்கே ஒரு சிறிய பித்தளைத் தகட்டின் மேல் வைத்துப் பார்ப்போம்.

டயல் என்பது என்ன?

வாட்சின் முகமாக நாம் பார்க்கும் தகடுதான் டயல். பெரும்பாலான பழைய வாட்சுகளில் இது மெல்லிய பித்தளைத் தகடு. அதன் மேல் வெள்ளி முலாம் அல்லது பெயிண்ட், அதற்கு மேல் கம்பெனிப் பெயரும் நிமிடக் கோடுகளும், எல்லாவற்றையும் காக்க வார்னிஷ் போன்ற ஒரு பூச்சு. தகட்டின் பின்புறம் இரண்டு சிறிய செம்புக் கால்கள் இருக்கும். அவை மெஷினில் உள்ள துளைகளில் இறங்கி, பக்கவாட்டில் பொடி ஸ்குரூவால் இறுக்கப்படும்.

எழுத்துகளை அச்சிடும் முறை கவனிக்கத்தக்கது. எழுத்து குழிவாகச் செதுக்கிய உலோகத் தகட்டில் மை தடவி, வழித்துவிட்டு, குழியில் தங்கிய மையை மெத்தென்ற ஒரு திண்டால் ஒற்றி எடுத்து டயலின் மேல் வைப்பார்கள். ஆகவே கம்பெனி அச்சில் எழுத்துகள் கூர்மையாகவும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் சற்று மேலெழும்பியும் இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

நம் கடற்கரையில் டயல் ஏன் கெடுகிறது?

உப்புக்காற்று நம் ஊர் இரும்பு ஷட்டரை என்ன செய்கிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே காற்றும், கையின் வியர்வையும், சாவி இருக்கும் துளை வழியாகவும் கண்ணாடியின் ஓரமாகவும் உள்ளே போகின்றன. மேல்பூச்சு முதலில் மஞ்சளாகும், பிறகு வெடிக்கும். வெடிப்பு வழியே ஈரம் இறங்கினால் பித்தளை பச்சைக் களிம்பு பிடிக்கும். வெயில் பட்டால் கறுப்பு டயல்கூடச் சில சமயம் பழுப்பாகிவிடும். மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். முகம் மட்டும் அம்மை போட்டதுபோல் ஆகிவிடும்.

இந்த நிலையில் வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் போனால் அவர் சொல்வது ஒன்றுதான்: 'டயலை மறுபடி அடித்துவிடலாம்.'

மறு டயல் எப்படிச் செய்கிறார்கள்?

முள்களைக் கழற்றி, டயலை மெஷினிலிருந்து பிரிப்பார்கள். ஒட்டியிருக்கும் உலோக எண்களை எடுத்துவிட்டு, பழைய பூச்சையும் எழுத்தையும் கரைத்துத் துடைத்து வெறும் பித்தளையாக்குவார்கள். தேய்த்து மெருகேற்றி, வேண்டிய இடத்தில் சூரியக்கதிர்போல் கோடு விழும்படி பிரஷ் பிடிப்பார்கள். பின்னர் முலாம் அல்லது பெயிண்ட், அதன் மேல் அச்சு, கடைசியில் மேல்பூச்சு. இருட்டில் ஒளிரும் வகையானால் எண்களிலும் முள்களிலும் புது மருந்து வைப்பார்கள்.

நல்ல கைகாரர் பொறுமையாகச் செய்தால் பழகிய கண்ணும் ஏமாறும். அவசரமாகவும் மலிவாகவும் செய்தால் எழுத்து தடித்து, கோடு கோணி, பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஒன்று மட்டும் இரண்டிலும் பொதுவானது. துடைத்துப் போட்ட கம்பெனி அச்சு திரும்பி வராது.

இந்தத் தொழில் எப்படி வந்தது?

இதை மோசடித் தொழில் என்று ஒரேயடியாகச் சொல்வது நியாயமல்ல. தேவையிலிருந்து பிறந்த தொழில் இது. ஃபேவர் லூபா கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பம்பாயில் கால் வைத்துவிட்டது. வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி அதே நூற்றாண்டின் இறுதியில் பம்பாயையும் கல்கத்தாவையும் மையமாக வைத்து இந்தியாவெங்கும் விற்றது. அதன் 'சோவார் பிரைமா' என்ற பெயரைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. வெளிநாட்டு வாட்சுக்கு உதிரி டயல் கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. கெட்டுப்போன முகத்தை உள்ளூரிலேயே சரி செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

எச்.எம்.டி. 1961-ல் ஜப்பானிய சிட்டிசன் கம்பெனியின் கூட்டுடன் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. போடுவது ஒரு வழக்கமே ஆயிற்று. நம் மாநில அரசின் டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஒசூரில் தொழிற்சாலை வைத்துக் குவார்ட்ஸ் வாட்சுகளை இறக்கியதும் சாவி வாட்சின் செல்வாக்கு இறங்கியது. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது.

இனிமேல் வராது என்று தெரிந்த சரக்குக்கு விலை ஏறுவது சந்தை வழக்கம். எச்.எம்.டி.க்கும் அதுதான் நடந்தது. அதோடு இன்னொன்றும் நடந்தது. கம்பெனி ஒருபோதும் வெளியிடாத நிறங்களிலும் படங்களிலும் டயல் போட்ட 'பழைய' வாட்சுகள் சந்தைக்கு வந்தன. ஒரு வாட்சின் மெஷின், இன்னொன்றின் கேஸ், புதிதாக அச்சிட்ட டயல் என்று கூட்டிச் சேர்த்தவையும் வந்தன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்குப் 'பம்பாய் ஸ்பெஷல்' என்றே கேலியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். சிலர் செய்த காரியத்துக்கு ஒரு ஊரின் பெயரே அடிபடுகிறது. வணிகர்களாகிய நாம் வருத்தத்துடன் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

முகத்துக்குத்தான் விலை

சேகரிப்பாளர் சந்தையில் மெஷினைவிட டயலுக்கே மதிப்பு அதிகம். ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேட்டோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அவர் கட்டியது என்பது ஒரு காரணம். ஆனால் அதே டயல் வகை கொண்ட மற்ற டேட்டோனாக்களும், சாதாரண டயல் கொண்ட அதே மாடலைவிடப் பல மடங்கு விலை போகின்றன. உள்ளே மெஷின் ஒன்றுதான்.

விலை இப்படி முகத்தில் குவியும்போது ஆசையும் அங்கேதான் குவியும். 2021 நவம்பரில் ஜெனீவாவில் 1957-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விற்றது. அழகாகப் பழுப்பேறிய டயல் அதற்குப் பெருமை சேர்த்தது. வாங்கியது ஓமேகாவின் அருங்காட்சியகத்துக்காகவே. 2023-ல் அதே கம்பெனி, அந்த வாட்ச் பலவற்றின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கியது என்றும், தன் முன்னாள் ஊழியர்களுக்கு அதில் பங்கு உண்டு என்றும் அறிவித்தது. செய்த கம்பெனியே தன் சரக்கை அடையாளம் காண்பதில் ஏமாந்தது என்றால் மற்றவர் எம்மாத்திரம்?

நம் ஊர் அளவில் இந்தக் கோடிகள் இல்லை. ஆனால் கணக்கு ஒன்றுதான். கறை படிந்த கம்பெனி டயல் உள்ள வாட்சைக் கேட்டு வருபவர், பளபளப்பாக மறு அச்சிட்டதைக் கண்டால் விலையைக் குறைக்கிறார் அல்லது வேண்டாம் என்று போய்விடுகிறார். தாத்தா வாட்சை விற்பதற்கு முன் 'கொஞ்சம் அழகுபடுத்திக் கொடுப்போம்' என்று டயலை அடிக்கக் கொடுப்பவர், கைக்காசைச் செலவழித்துத் தன் சரக்கின் விலையைத் தானே குறைத்துக்கொள்கிறார்.

முத்து வியாபாரம் காட்டிய வழி

அசல், அசல் அல்லாதது என்ற வழக்கு தூத்துக்குடிக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அதற்குப் பிறகு, 1973-ல் இதே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானி கே. அழகர்சாமி, நம் கடல் சிப்பியில் முத்து வளர்த்துக் காட்டினார். சிப்பிக்குள் ஒரு சிறு உருண்டையை மனிதர் வைக்கிறார்; அதன் மேல் முத்துப்பூச்சை ஏற்றுவது சிப்பி.

இது முத்தா, முத்தில்லையா? ஜப்பானில் மிகிமோட்டோ வளர்த்த உருண்டை முத்துகள் 1920-களில் லண்டனுக்கும் பாரிசுக்கும் வந்தபோது இதே சண்டைதான் நடந்தது. கடல் முத்து வியாபாரிகள் 'போலி' என்றார்கள். மற்றவர்கள் 'சிப்பி செய்ததுதானே' என்றார்கள். கடைசியில் நிலைத்த வழி எளிமையானது. வளர்ப்பு முத்தை விற்கலாம். 'வளர்ப்பு' என்று சொல்லி விற்க வேண்டும். கண்ணாடி மணிக்குப் பூச்சு பூசியதை 'செயற்கை' என்று சொல்லி விற்க வேண்டும். மூன்றுக்கும் மூன்று பெயர், மூன்று விலை.

முத்தில் இன்னொரு வேலையும் உண்டு. மேல்தோல் மங்கிய முத்தை, கைதேர்ந்தவர் ஒரு அடுக்கு உரித்தெடுத்து அடியிலுள்ள ஒளியை வெளியே கொண்டுவருவார். அங்கே உரித்த பிறகும் வெளியே தெரிவது சிப்பி இட்ட அடுக்குதான். மறு டயல் அப்படியல்ல. பழைய அச்சு போய், வேறொருவர் கையால் வந்த அச்சு அதே பெயரைச் சுமந்து நிற்கிறது. ஆகவேதான் அதைச் சொல்லி விற்க வேண்டிய கடமை இன்னும் கூடுகிறது.

பார்த்துத் தெரிந்துகொள்ள

வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸ் ஒன்று போதும். கீழ்க்கண்டவற்றைப் பார்க்கலாம்.

1. எழுத்து: ஓரங்கள் கூர்மையா, மை படர்ந்திருக்கிறதா? ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறதா?

2. கோடுகள்: நிமிடக் கோடும் மணி எண்ணும் நேருக்கு நேர் நிற்கின்றனவா? ஆறு மணிக்குக் கீழே ஓரத்தில் பல சுவிஸ் வாட்சுகளில் 'சுவிஸ் மேட்' என்ற சொல் இருக்கும். மறு அச்சில் அது விட்டுப்போவதும், இடம் மாறுவதும் உண்டு.

3. வயது ஒத்துப்போகிறதா: கேஸ் தேய்ந்து, முள் கறுத்து, டயல் மட்டும் நேற்றுச் செய்ததுபோல் மின்னினால் கேள்வி கேட்க வேண்டும்.

4. ஓரமும் துளையும்: தேதி ஜன்னலின் விளிம்பிலும் நடுத்துளையிலும் பெயிண்ட் வழிந்திருக்கிறதா? டயலின் விளிம்பில் சிறு வெட்டு இருந்தால், மறு அச்சின்போது நேர் பார்ப்பதற்காகச் சிலர் போடும் அடையாளமாக இருக்கலாம்.

5. பின்புறம்: டயலைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால், செம்புக் கால்கள் வெட்டப்பட்டுப் பசையால் ஒட்டியிருப்பது தெரியும். அப்படியானால் அந்த டயல் அந்த மெஷினுக்குப் பிறந்ததல்ல. டயலில் உள்ள பெயரும் மெஷினில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். 17 ஜூவல்ஸ் என்று டயல் சொன்னால் மெஷினும் அதையே சொல்ல வேண்டும்.

6. ஒளிரும் மருந்து: ரூபாய் நோட்டைச் சோதிக்க நம் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கே உதவும். பழைய மருந்து பெரும்பாலும் மங்கலாக ஒளிர்ந்து, விளக்கை எடுத்தவுடன் அணைந்துவிடும். பளிச்சென்று ஒளிர்ந்து நெடுநேரம் நின்றால் அது பிற்காலத்தில் வைத்ததாக இருக்கலாம்.

இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. இரண்டு மூன்று சேர்ந்தால் சந்தேகம் உறுதியாகிறது. 'எழுபது வருஷத்து வாட்ச், பெட்டி பிரிக்காத புதுசு' என்று சொல்லிக்கொண்டு வருகிற சரக்கைப் பொறுத்தவரை, மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்ற பழமொழியே போதும்.

உயிருக்கு ஆபத்தான ஒரு விஷயம்

1960-களுக்கு முன் செய்த, இருட்டில் ஒளிரும் எண்களுள்ள வாட்சுகள் பலவற்றில் ரேடியம் கலந்த மருந்து இருக்கிறது. அமெரிக்காவில் 1910-களின் பிற்பகுதியிலும் 1920-களிலும் இந்த மருந்தைத் தீட்டிய இளம்பெண்கள், பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் தாடை எலும்பு அரித்து, பலர் இறந்தே போனார்கள்.

அந்த மருந்து இப்போது ஒளிர்வதில்லையே என்று நினைக்க வேண்டாம். ஒளி தரும் துணைப்பொருள்தான் செத்துவிட்டது. ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். கண்ணாடி மூடிய நிலையில் வாட்சைக் கையாளுவதில் ஆபத்து குறைவு. டயலைச் சுரண்டும்போது எழும் தூசிதான் எமன். மூச்சிலும் வாயிலும் போனால் எலும்பில் போய்த் தங்கும். ஆகவே இத்தகைய டயலைச் சுரண்டவோ, ஊதவோ, குழந்தைகள் கையில் கொடுக்கவோ கூடாது. சாப்பாட்டுச் சாமான் விற்கும் கடையில் திறக்கவே கூடாது. ரிப்பேருக்குக் கொடுக்கும்போதும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பாதி நாள் தலை குனிந்து அந்தத் தூசியின் மேல் மூச்சு விடுகிறவர் அவர்தான்.

சட்டமும் பில்லும்

1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விவரம் சொல்லி விற்ற சரக்கு அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புதுப்பித்த அல்லது பழைய பொருளைப் புதியது என்று பொய்யாகச் சொல்வதை முறையற்ற வணிகம் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இல்லாத தரத்தையும் மாடலையும் இருப்பதாகச் சொல்வதும் அப்படியே.

பெயர் பெற்ற கம்பெனியின் பெயரை வேறு மெஷினின் மேல் அச்சிட்டு விற்பது இன்னும் கடுமையானது. 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின்படி, பொய்க்குறி இடுபவருக்கும் அந்தச் சரக்கை விற்பவருக்கும் பொதுவாக ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. தக்க எச்சரிக்கையுடன் நடந்தேன், இன்னாரிடம் வாங்கினேன் என்று காட்ட முடிந்த விற்பனையாளருக்குச் சட்டத்தில் பாதுகாப்பும் இருக்கிறது. ஆகவே பழைய சரக்கு வாங்கும்போது விற்றவரின் பெயர், முகவரி, தேதி, விலை ஆகியவற்றைக் குறித்து வைப்பது அவசியம்.

ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்து, பழைய பொருளை வாங்கி விற்பவருக்கு, விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் வழி உண்டு. உள்ளீட்டு வரிச் சலுகை எடுத்திருக்கக் கூடாது. செய்த வேலை பொருளின் தன்மையை மாற்றாத சிறு வேலையாக இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். டயல், கேஸ், மெஷின் எல்லாம் மாற்றிய வாட்ச் அதில் அடங்குமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பில்லில் 'பழைய வாட்ச் 1' என்று மட்டும் எழுதுவது போதாது. டயலைப் பற்றி நான்கில் ஒன்றைத் தெளிவாக எழுதலாம்: 'கம்பெனி டயல், கை படாதது', 'கம்பெனி டயல், வேறு வாட்சிலிருந்து மாற்றியது', 'பழைய வடிவிலேயே மறுபடி அச்சிட்டது', 'கம்பெனி வெளியிடாத புது வடிவம்'. தெரியாவிட்டால் 'டயல் பற்றி உறுதி சொல்லவில்லை' என்று எழுதுவதும் நேர்மைதான். முள், சாவி, கண்ணாடி மாற்றியிருந்தால் அதையும் ஒரு வரியில் சேர்க்கவும். இரண்டு நிமிட வேலை. பின்னால் வரும் சண்டைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வீட்டு வாட்சை என்ன செய்வது?

விற்பதற்காக என்றால் டயலைத் தொடாமல் விடுங்கள். மெஷினைச் சுத்தம் செய்து எண்ணெய் இடுவதும், கண்ணாடியை மாற்றுவதும் மட்டும் போதும். கழற்றிய எந்தப் பாகத்தையும் கேட்டு வாங்கிப் பொட்டலம் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் கட்டிக்கொள்ளத்தான் என்றால், நேரமே தெரியாத அளவுக்குக் கெட்ட டயலை மறுபடி அடித்துக்கொள்வதில் தவறொன்றும் இல்லை. உங்கள் பொருள், உங்கள் இஷ்டம். கூடுமானால் அதே மாடலின் வேறு டயலை வாங்கிப் போட்டு, பழையதை அப்படியே பத்திரப்படுத்துவது சிறந்தது. அடிக்கக் கொடுக்கும் முன் நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் படமே ஆதாரம்.

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் மகிழ்ந்தோம். அந்தப் பெயரைப் பிறர் தங்கள் மிட்டாயின் மேல் ஒட்டிக்கொண்டால் நமக்குக் கோபம் வருகிறது. சர்க்கரை கலந்த சரக்கை உடன்குடிக் கருப்பட்டி என்று சொன்னாலும் அப்படியே. நம் பெயருக்கு நாம் எதிர்பார்க்கும் மரியாதையைப் பிறர் பெயருக்கும் கொடுப்பதுதான் வணிக தர்மம். மறு டயல் போட்ட வாட்சை மறு டயல் என்று சொல்லி விற்றால் விலை சற்றுக் குறையும். வாங்கியவர் மறுபடி நம் கடைக்கே வருவார்.